கிட்டங்கித் தெருவில் ஓடிய ஆறு

சிவகாசிக்குள் ஆறு ஓடியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஆனாலும் ஆடிப்பெருக்கை அந்த ஊர் விட்டுக்கொடுத்ததில்லை, ஏனென்றால் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை அன்றைக்குத்தான் பூசை போட்டு வெளியே எடுப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிற நாளில் சிவகாசிக்காரர்கள் அச்சாபீசுக்குப் போய்க் காகிதத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில், பழைய சரக்குக் கிட்டங்கிகள் வரிசையாக இருந்ததால் கிட்டங்கித் தெரு என்று பேர் வாங்கிய தெருவில், ஒரு ஆனி மாதச் சாயங்காலம் ஆறு வந்தது. வந்த விதம் கொஞ்சம் சுற்றுவழி, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அந்தத் தெருவில் பால்துரை என்று ஒருவர் இருந்தார். காலண்டருக்குச் சாமி படம் செய்கிறவர். வீட்டு முன்னறையில் ஒரு மேக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, லட்சுமிக்குப் பின்னால் அருவியும், முருகனுக்குப் பின்னால் மலையும், மீனாட்சிக்குப் பின்னால் தாமரைக் குளமும் வைத்து, வானத்தில் நீலம் போதாதென்று இன்னும் கொஞ்சம் நீலம் ஏற்றி, தலை நரைக்கும்வரை அந்த வேலையையே செய்துவந்தார். தென்மாவட்டத்துச் சுவர்களில் தொங்கிய ஆறுகளில் பாதி அவர் கைபட்டவை. அவர் கால்பட்டது ஒன்றுகூடக் கிடையாது.

மனுஷர் சாது. சாது என்று சொன்னால் அவருக்குப் பெருமை, அவர் மனைவி ராஜகனிக்கு எரிச்சல். எதைச் செய்வதானாலும் முதலில் தெருவைப் பார்ப்பார், தெருவின் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே தன் முகத்தையும் வைத்துக்கொள்வார். அவருடைய ஒரே மகள் நித்யகலா புனேயில் வேலைபார்த்த இடத்தில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, தெருக் கமிட்டித் தலைவரும் மாவு மில்காரருமான சௌந்தரபாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். காப்பியை ஆற்றிக் குடித்தார். குரலே உயர்த்தவில்லை. "கல்யாணத்துக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம் தம்பி. ஆனா பிள்ளை இனிமே இந்தத் தெருப் பக்கம் வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார். பால்துரை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். தெருவின் முகமும் அதையே சொன்னது. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை, ராஜகனியையும் போகவிடவில்லை, அதற்குப் பிறகு மகளும் அவரும் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. ராஜகனி மட்டும் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் மகளோடு போனில் பேசிவிட்டு வருவாள். அவள் இறங்கி வரும்போது பால்துரை அவள் முகத்தை மட்டும் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவுவார். வருஷங்கள் அப்படியே போயின.

அந்த ஆனி மாதம் ராஜகனி மாடியிலிருந்து இறங்கி வந்து, "உங்களுக்கு என்னமோ அனுப்பிருக்காளாம். மெயிலைப் பாருங்க" என்றாள்.

"எனக்கா?"

"உங்க பேரு பால்துரைதானே?"

அனுப்பியிருந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இரண்டு பேர் ஆடுவது. ஒரு பெரிய ஆறு, இரண்டு கரை, கரைக்கு ஒருவர், நடுவில் கயிற்றில் கட்டிய ஒரு தெப்பம். ஒருவர் தெப்பத்தில் ஏறினால் எதிர்க்கரையில் இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும், இழுத்தால் சேரலாம். பேச வழியில்லை. விளக்கைத் தூக்கிக் காட்டலாம், கையை ஆட்டலாம், சீழ்க்கை அடிக்கலாம், அவ்வளவுதான். கூட ஒரு வரிகூட எழுதாமல் மகள் ஏன் இதை அனுப்பினாள் என்று பால்துரைக்கு உடனே புரிந்துவிட்டது. பேசினால் சண்டை வரும், பேசாமல் சேருகிற இடம் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார், கண்தான் கலங்கியிருந்தது.

திறந்தால் திறக்கவில்லை. 'இந்த விளையாட்டு இந்தக் கணினிக்காகச் செய்யப்பட்டதல்ல' என்று வந்தது. மேக்கில் சாமி வரும், வானம் வரும், தங்க பார்டர் வரும், விளையாட்டு மட்டும் வராது. மற்ற விஷயமாக இருந்தால் பால்துரை அத்தோடு விட்டிருப்பார். இதை விடவில்லை. இணையத்தில் அவரைப் போலவே மேக்கை வைத்துக்கொண்டு விளையாட முடியாமல் தவிக்கிற உலகத்துச் சனங்கள் எல்லாம் கூடிப் புலம்புகிற இடத்தைக் கண்டுபிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்து, அவர்கள் சொன்ன ஒரு இடைச் செயலியை இறக்கினார். கல்யாணத் தரகர் செய்கிற வேலைதான் அதற்கு: விளையாட்டு சொல்வதை மேக்குக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும், மேக் சொல்வதை விளையாட்டுக்கு மனம் நோகாமல் சொல்லும். அது வரிசையாகக் கேள்வி கேட்டது, அவரும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக, 'இந்தக் கணினியால் காட்ட முடியாத பகுதிகளை என்ன செய்யட்டும்? வெட்டிவிடவா, வெளியே விடவா?' என்று கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் வெட்டிவிடு என்று சொல்லியிருப்பார்கள். பால்துரை அச்சுக்காரர். படத்தை வெட்டுக்கோட்டோடு நிறுத்தினால் தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை விழும், முதலாளி மூஞ்சியில் எறிவார், அதனால் எந்தப் படத்தையும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் ஓடவிட்டுத்தான் முடிப்பார்கள். பிளீட் விடுவது என்று அதற்குப் பேர். விரல் தானாகப் போய், வெளியே விடு என்பதை அமுக்கியது.

திரையில் கரை வந்தது, நாணல் வந்தது, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட குட்டி உருவமாக அவரே வந்தார். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புப் பள்ளம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து ராஜகனி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, தெருவுல ஆறு ஓடுது. காயப்போட்ட வத்தலை எடுத்துட்டேன். நீங்க உங்க செருப்பை உள்ள எடுத்துப் போடுங்க."

ஓடத்தான் செய்தது. சௌந்தரபாண்டி அண்ணாச்சியின் மாவு மில் சுவரிலிருந்து புறப்பட்டு, தெருவை அடைத்துக்கொண்டு நடந்து, கடைசியில் இருந்த மூடிப்போன கிட்டங்கியின் சுவருக்குள் நுழைந்து மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரம்கூட இல்லை. நிறம் சாதாரணத் தண்ணீரைவிட ஒரு சுற்று நீலம், பால்துரை ஏற்றுகிற நீலத்துக்குப் பக்கத்து நீலம். தாமரை இலைகள் எல்லாம் ஒரே இலையாக இருந்தன, ஒரே இடத்தில் ஒரே கிழிசல். வெள்ளி நிற மீன் ஒன்று ஆற்றோடு போய்ச் சுவரில் நுழைந்து, கொஞ்ச நேரத்தில் மில் சுவரிலிருந்து மறுபடி வந்தது. இருட்டுகிற நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து மெல்லிதாகப் புல்லாங்குழல் கேட்டது.

தெரு முதலில் பயந்தது தண்ணீரைப் பார்த்து அல்ல, காகிதத்தை நினைத்து. வீட்டுக்கு வீடு காலண்டர் தாள், பேப்பர் அட்டை, ஒட்டிக் காயவைத்த டப்பா. ஆனால் அந்தத் தண்ணீர் காகிதத்தை நனைக்கவில்லை. ஆளை நனைத்தது, துணியை நனைத்தது, தாகம் தீர்த்தது, பருப்பை வேகவைத்தது, காகிதத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. விளையாட்டைச் செய்தவர்கள் அதற்குள் காகிதம் என்று ஒன்றை வைக்கவில்லை, அதனால் ஆற்றுக்கு அது பழக்கமில்லை என்று பால்துரை விளக்கம் சொன்னார். தெருவும், சரி, நமக்குத் தோதான ஆறுதான் என்று ஏற்றுக்கொண்டது.

பிறகு சனங்கள் அதற்குப் பழகிய வேகத்தைச் சொல்லி மாளாது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டு வெயிலில் நிற்பது நின்றுபோனது, லாரிக்காரரே குளிக்க வந்தார். கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல்பக்கத்தில் துவைக்கக் கூடாது என்று ஒரு சண்டை வந்து, தண்ணீர்தான் சுவருக்குள் போய்த் திரும்ப மேல்பக்கமே வருகிறதே, யார் மேல் யார் கீழ் என்று யாரோ கேட்க, சண்டை பதில் கிடைக்காமல் ஓய்ந்தது. நகராட்சியிலிருந்து வந்தவர் இது எந்தத் திட்டத்தின் கீழ் ஓடுகிறது என்று கேட்டார். எந்தத் திட்டமும் இல்லை என்றதும் நிம்மதியாகக் கால் நனைத்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு நீச்சல் வந்தது. அந்த மீனைப் பிடிக்க யாருக்கும் மனம் வரவில்லை, அது வரும் நேரத்தை வைத்து உலையில் அரிசி போட்டார்கள். மில்லில் மிளகாய் அரைத்தாலும் தெருவில் யாரும் தும்மவில்லை, ஆற்றுக்காற்று அப்படி அடித்தது.

ஆனால் விளையாட்டு ஓடினால்தான் ஆறு ஓடும். ஒருநாள் மின்சாரம் போனதும் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளே கமிட்டி கூடி பால்துரை வீட்டுக்குப் பெரிய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஜன்னல் வழியாக மேக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ அதற்கு மாலை போட்டு, நெற்றி இருக்கும் என்று தோன்றிய இடத்தில் விபூதியும் பூசிவிட்டார்கள். பால்துரை துடைத்தார்.

துடைத்துவிட்டு, சாயங்காலமானால் திரையின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். கறுப்புப் பள்ளத்துக்கு அப்பால், எட்டாத தூரத்தில், எதிர்க்கரையில் ஒரு விளக்கு வரும். நித்யகலா வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். விளக்கு மேலே போய்க் கீழே வரும். இவரும் தூக்கிக் காட்டுவார். அவள் சீழ்க்கை அடிப்பாள், தெப்பத்தில் ஏறுவாள், இவர் இழுக்கக் காத்திருப்பாள். இழுக்க இவர் பக்கத்தில் முளைக்குச்சி இருந்தது, குச்சியில் கட்டியிருந்த கயிறு பள்ளத்தின் விளிம்போடு தீர்ந்துபோயிருந்தது. இழுத்தால் வெறும் முனைதான் வந்தது. தண்ணீர்தான் தெருவில் இருக்கிறதே. அவள் நெடுநேரம் தெப்பத்தில் நின்றுவிட்டு இறங்குவாள், விளக்கு அணையும். வாசலுக்கு வந்து ஆற்றோடு பார்வையை ஓட்டினால் அங்கேயும் தெரியும்: தெருவின் அகலம் அதேதான், நாலு எட்டு வைத்தால் எதிர்வீடு, ஆனால் தண்ணீரின் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் அது அகன்று அகன்று போய், தூரத்துக் கரையில் அந்த விளக்கு கண்சிமிட்டும்.

ஆடி பிறந்தது. ராஜகனி மாடியிலிருந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். "ஆடி பதினெட்டோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டா. அவ கம்ப்யூட்டர்ல ஆறு நல்லாத்தான் ஓடுதாம். அப்பா கரையில சும்மா நிக்கிறாராம், இழுக்கவே மாட்டேங்கிறாராம்."

"நீ சொல்லலையா? ஆறு இங்க ஓடுதுன்னு?"

"சொன்னேன். தெருவுல ஆறு ஓடுதாம், அதனால இழுக்க முடியலையாமான்னு சிரிச்சா. கல்யாணத்துக்கு வராததுக்குக்கூட இதைவிட நல்ல பொய்யாச் சொன்னாருங்கிறா." அதைச் சொல்லும்போது ராஜகனியின் குரல் உடைந்தது. "ஊரெல்லாம் ஆடிக்குப் பிள்ளைய அழைச்சிட்டு வருது. நான் பெத்தது தெப்பத்துல நிக்குது."

ஆடி பதினெட்டுக்கு முதல் நாள் மேக்கில் ஒரு சேதி வந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் மனம் இரங்கி மேக்குக்கென்றே அதைத் திருத்திவிட்டார்களாம். தரகர் தேவையில்லை, எல்லாம் நேரடியாக ஓடும், எதுவும் வெளியே போகாது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'இப்போது', 'பிறகு'. அதைப் பால்துரை படித்து முடிப்பதற்குள் ஜன்னலில் நின்று படித்தவர்கள் தெருவெங்கும் சொல்லிவிட்டார்கள்.

விடிந்தால் பெருக்கு. கிட்டங்கித் தெரு பிறந்த நாளாக முதல்தடவை தண்ணீரில் பெருக்குக் கும்பிட்டது. பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள், காதோலை கருகமணி விட்டார்கள், புதுக் காலண்டர் ஆல்பங்களைத் தண்ணீரிலேயே வைத்துச் சந்தனம் தெளித்தார்கள், ஆல்பம் நனையாமல் மிதந்தது. எல்லாம் முடிந்து சாயங்காலம் கமிட்டி பால்துரை வீட்டு வாசலுக்கு வந்தது. பின்னால் தெருவே வந்தது. சௌந்தரபாண்டி அண்ணாச்சி கணுக்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, அந்தப் 'பிறகு'ங்கிறதை அமுக்கிருய்யா. ஒரு விளையாட்டுக்காக ஊரு தண்ணிய உள்ள இழுத்துக்கிட்டா நல்லா இருக்காது."

பால்துரை பழக்கப்படி தெருவின் முகத்தைப் பார்த்தார். பழக்கப்படி அது சொன்னதும் புரிந்தது. அப்போதுதான் பின்னால் திரையில் சீழ்க்கை கேட்டது, தெப்பத்தில் ஏறிவிட்டாள், இன்றைக்கு மட்டும்தான் ஏறுவாள். அவர் வாசற்படியை விட்டு இறங்கி, வேட்டியை மடிக்கக்கூடத் தோன்றாமல், ஆற்றுக்குள் நடந்தார். நடுத்தெருவில் இடுப்பளவு வந்தது. காலில் என்னமோ தட்டியது. குனிந்து எடுத்தார். கயிறு. மேக்கில் முனையோடு நின்றுபோன கயிற்றின் மீதி முழுதும் தண்ணீரோடு தண்ணீராக வெளியே வந்து தெருவில் கிடந்திருக்கிறது. இழுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் பாரம் இருந்தது. அசையவில்லை.

"அண்ணாச்சி" என்றார். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது. "ரெண்டே வழிதான். நான் உள்ள போய் 'இப்போது'ங்கிறதை அமுக்குனா ஆறு உள்ள போயிரும், எம் மகள நானே இழுத்துக்கிருவேன். ஆறு இங்கயே இருக்கணும்னா, எல்லாரும் எறங்கி வந்து இந்தக் கயித்தைப் பிடிங்க. எனக்கு ஒத்தையில முடியல."

"யாரை இழுக்கச் சொல்றேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும். நீங்க வர வேண்டாம்னு சொன்ன பிள்ளைய. நானும் தலையாட்டுனேனே, அந்தப் பிள்ளைய."

முதலில் ராஜகனி இறங்கினாள், புதுக் கயிற்று மஞ்சள் கழுத்தில் ஈரமாக ஒட்டியிருக்க, சேலையைச் சொருகிக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் நின்று பிடித்தாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண் இறங்கினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு லாரிக்காரர், பிறகு காலண்டர் ஒட்டுகிறவர்கள், பட்டாசுச் சரம் கட்டுகிறவர்கள், நீச்சல் படித்த பிள்ளைகள், தெரு முழுக்கக் கயிற்றில் கோத்தது மாதிரி நின்றது. கயிறு அசைந்தது, ஒரு முழம் வந்தது, அடுத்த முழம் வராமல் திரும்பப் போகப் பார்த்தது. கடைசியில் சௌந்தரபாண்டி அண்ணாச்சி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் வந்து வால்பக்கத்தைப் பிடித்தார். "தண்ணிக்காகத்தான்யா பிடிக்கேன், வேற ஒண்ணும் நெனைச்சுக்கிராதீக" என்றார். பெரும்பாலோர் தண்ணீருக்காகத்தான் பிடித்தார்கள். அன்புக்காகப் பிடித்தவர்களும் நாலு பேர் இருந்திருப்பார்கள். கயிறு அதையெல்லாம் பார்க்கவில்லை, வந்தது.

தூரத்துக் கரையிலிருந்து விளக்கு கிளம்பியது. அகன்று கிடந்த ஆறு இழுக்க இழுக்கக் குறுகி, நீலம் இருட்டி, புல்லாங்குழல் நின்று, தாமரை இலைகள் விலகி வழிவிட, தெப்பம் வந்து பால்துரை வீட்டு வாசற்படியில் இடித்து நின்றது. மேலே மஞ்சள் மழைக்கோட்டு போட்ட முழங்கால் உயர உருவம், கையில் விளக்கு. முகம் என்று இரண்டு புள்ளிக் கண்கள்தான். அது அப்படியே நின்றது.

ராஜகனியின் போன் அடித்தது. படியில் வைத்திருந்ததை ஈரக்கையால் எடுத்து, பார்த்து, ஸ்பீக்கரில் போட்டுப் புருஷனிடம் நீட்டினாள்.

"அப்பா" என்றது போன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல், மூச்சு வாங்கியது. "என் ஸ்கிரீன்ல நம்ம தெரு தெரியுதுப்பா. எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்கிறாங்க. சௌந்தரபாண்டி பெரியப்பா ஏன் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

பால்துரை போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெப்பத்தையே பார்த்தார்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? நான் இறங்கலாமா?"

தெருவில் எல்லாரும் அதைக் கேட்டார்கள். எல்லாரும் பால்துரையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனை ராஜகனியிடம் கொடுத்துவிட்டு, தெப்பத்தின் பக்கத்தில் போய், அழுதுகொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். மழைக்கோட்டு உருவம் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சின்னக் கைகளை அவர் தோளில் போட்டுக்கொண்டது. பிள்ளைக்குக் கனமே இல்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவர் அவளை வீட்டுக்குள் தூக்கிப் போனார்.